கைடு மேல புகார் குடுக்கணும்னா எங்க போறது, எப்படிக் குடுக்குறது

உன் கேள்விய நான் புரிஞ்சிக்கிட்டது இதான். சென்னையில ஒரு யுனிவர்சிட்டில பிஎச்டி ரெண்டாவது வருஷம். கைடு ராத்திரி பதினொன்னுக்கு மேல வாட்ஸ்அப்ல வேண்டாத மெசேஜ் போடுறாரு, ஒருநாள் இன்ஸ்ட்ருமென்ட் ரூம்ல தோள்ல கை வச்சாரு, நீ தட்டிவிட்டதுல இருந்து டிசி மீட்டிங் (பிஎச்டி வேலைய மதிப்பிடுற டாக்டரல் கமிட்டி கூட்டம்) பேப்பர்ல கையெழுத்துப் போடாம இழுத்தடிக்கிறாரு. அது போதாதுன்னு லேப்ல ஒரு சீனியர் உன் ஜாதிய வச்சு நக்கல் பண்றான், கருவி புக்கிங் ரிஜிஸ்டர்ல உன் பேர அடிக்கிறான். வீட்டுக்கு எதுவும் தெரியாது. எச்ஓடிகிட்ட சொன்னா "பாத்துக்கலாம்மா"ன்னாரு, ரெண்டு மாசம் ஓடிடுச்சு. இப்ப யார்கிட்ட போறது, போனா டிகிரி மிஞ்சுமா. நான் சென்னையில சில காலேஜ்ங்கள்ல ஐசிசி, அதாவது பாலியல் தொல்லைப் புகார விசாரிக்கிற உள் கமிட்டில, வெளி உறுப்பினரா உக்காந்தவ, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தத வச்சு சொல்றேன்.

முதல்ல ஒன்னு, நீ எச்ஓடிகிட்ட சொன்னது சட்டப்படி புகாரே இல்ல. சொல்றது வேற, குடுக்குறது வேற. பேப்பர்ல எழுதி, தேதி போட்டு, வாங்கினதுக்கு சீல் போட்ட காப்பி உன் கைல இருந்தா அது புகார். இல்லன்னா நாளைக்கு அவரு "அந்தப் பொண்ணு பொதுவா ஏதோ சொல்லுச்சு, நான் கைடு பிரச்சனைன்னு நெனச்சேன்"ம்பாரு, அது பொய்யுன்னு நிரூபிக்க உன்கிட்ட ஒன்னும் இருக்காது. அவரு நல்ல மனுஷனாவே இருக்கட்டும், ரெண்டு மாசம் போனது போனதுதான்.

அந்த ரெண்டு மாசம் ஏன் முக்கியம்னா, வேலை செய்யுற இடத்துல பாலியல் தொல்லையத் தடுக்குற 2013 சட்டப்படியும் சரி, காலேஜ், யுனிவர்சிட்டிங்களுக்கான 2015 யூஜிசி விதிப்படியும் சரி, கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும். நியாயமான காரணம் இருந்தா கமிட்டி இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம், அதுக்கு மேல அவங்களுக்கே அதிகாரம் கிடையாது. கொல்கத்தாவுல ஒரு சட்டப் பல்கலைக்கழகத்து துணைவேந்தர் மேல ஒரு ஆசிரியை குடுத்த புகார் இப்படித்தான் விழுந்துச்சு. பாலியல் தொல்லைன்னு கணக்குல வந்த கடைசி சம்பவம் 2023 ஏப்ரல், புகார் குடுத்தது டிசம்பர். அதுக்கப்புறமும் பதவியில இருந்து தூக்கினாங்க, பழிவாங்கினாங்கன்னு அவங்க சொன்னாங்க, ஆனா அதெல்லாம் நிர்வாக நடவடிக்கை, பாலியல் தொல்லையோட தொடர்ச்சின்னு சொல்ல முடியாதுன்னு சொல்லி 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் புகார நிராகரிச்சது சரின்னுடுச்சு. அதே தீர்ப்புல அந்த துணைவேந்தரோட பயோடேட்டாவுல இந்தத் தீர்ப்பு கண்டிப்பா இருக்கணும்னும் சொன்னாங்க, அது ஒரு பக்கம். உன் விஷயத்துக்கு வா. கைடு கையெழுத்துப் போடாம இழுக்குறத கடைசி சம்பவம்னு நீ நெனச்சிட்டு இருந்தேன்னா அது ஆபத்து. கடைசியா வந்த அந்த மாதிரி மெசேஜ் எது, தோள்ல கை வச்சது எந்தத் தேதி, அதுல எது பிந்தினதோ அங்க இருந்து நாள எண்ணு. இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு வச்சுக்கிட்டு வேலைய ஆரம்பி.

போக வேண்டிய கதவு ஒன்னு இல்ல, ரெண்டு. கைடு விஷயம் ஐசிசிக்கு. சீனியர் விஷயம் வேற ரூட், அத அப்புறம் சொல்றேன். ரெண்டையும் ஒரே லெட்டர்ல கலந்து எழுதிடாத, ஐசிசில உக்காந்திருக்கவங்க "இது எங்க வேலை இல்லையே"ன்னு பாதிய ஒதுக்குவாங்க, அந்தப் பாதி அப்படியே காணாம போயிடும்.

ஐசிசி யாருன்னு யுனிவர்சிட்டி வெப்சைட்லயும் நோட்டீஸ் போர்டுலயும் போட்டிருக்கணும். தலைவி ஒரு பெண் பேராசிரியர், ஆசிரியர்கள்ல ரெண்டு பேர், ஊழியர்கள்ல ரெண்டு பேர், வெளியாள் ஒருத்தர், மாணவி சம்பந்தப்பட்ட கேஸ்னா மாணவர் பிரதிநிதிங்க மூணு பேரும் இருக்கணும். மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள். முக்கியமா துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், டீன், எச்ஓடி இவங்க யாரும் உறுப்பினரா இருக்கக் கூடாதுன்னு யூஜிசி விதியிலயே இருக்கு. நெறைய இடத்துல இத மீறித்தான் போட்டிருக்காங்க. லிஸ்ட்ல உன் எச்ஓடி பேரோ கைடோட கூட்டாளி பேரோ இருந்தா புகார்லயே "இன்னார் இந்த விசாரணையில உக்காரக் கூடாது"ன்னு காரணத்தோட எழுதிடு. பிரைவேட் டீம்டு யுனிவர்சிட்டிக்கும் இதே விதிதான், "நாங்க தனியார்"னு யாராவது சொன்னா நம்பாத.

இப்ப லெட்டர். இங்கதான் பாதி கேஸ் ஜெயிக்கிறதும் தோக்குறதும். எனக்கு வந்த புகார்கள்ல அதிகமா பாத்த வரி "சார் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்". இத வச்சு கமிட்டி என்ன பண்ணும் சொல்லு? எதிர்ப்பக்கம் "வேலை சரியா செய்யலன்னு திட்டினேன், அதைச் சொல்லுது"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாரு. ஒரு பொண்ணு அப்படித்தான் கொண்டு வந்துச்சு, தலைவி மேடம் கோவப்படாம பக்கத்துல உக்கார வச்சு "எந்த ரூம், கதவு தொறந்திருந்துச்சா, நீ அப்போ என்ன பண்ணிட்டிருந்த"ன்னு கேக்கக் கேக்க, அந்தப் பொண்ணு திருப்பி எழுதினப்போ இந்த மாதிரி வந்துச்சு: சாயங்காலம் 6.40 இருக்கும், மூணாவது மாடி கருவி அறை, நான் சாம்பிள் லோட் பண்ணிட்டு இருந்தேன், கதவு சாத்தியிருந்தது, பின்னால வந்து இடது தோள்ல கை வச்சார், "ஏன் டென்ஷனா இருக்க"ன்னார், நான் நகர்ந்தேன், மறுபடி வச்சார், அப்போ லேப் அட்டெண்டர் உள்ள வந்தார், கைய எடுத்துட்டார். பாத்தியா, அட்டெண்டர் வந்துட்டாரு. மொதல் லெட்டர்ல அவரு இல்லவே இல்ல. எழுதுறதுக்கு உதவி பண்றது கமிட்டியோட கடமைன்னு சட்டத்துலயே இருக்கு, அதனால கூச்சப்படாம கேக்கலாம். தமிழ்லயே எழுது, இங்கிலீஷ்ல தடுமாறி பாதி விஷயத்த விட்டுடாத. அப்புறம் பிரிண்ட் எடுக்க கேம்பஸ் உள்ள இருக்குற ஜெராக்ஸ் கடைக்குப் போகாத, அங்க இருக்குற பையனுக்கு டிபார்ட்மென்ட்ல எல்லாரையும் தெரியும், திருவல்லிக்கேணி பக்கம் தெரியாத கடைல எடு.

மெசேஜ் எதையும் அழிக்காத, அருவருப்பா இருந்தாலும் இருக்கட்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது மேல "கைடு சார்"னு சேவ் பண்ண பேரு மட்டும் தெரியுற மாதிரி எடுத்தா பிரயோஜனம் இல்ல, யார் நம்பர வேணா அந்தப் பேர்ல சேவ் பண்ணலாமே. அந்த காண்டாக்ட தொட்டு நம்பர் தெரியுற பக்கத்தையும் ஒன்னு எடு. தேதி, நேரம் தெரியணும். சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி உன் சொந்த மெயிலுக்கு அனுப்பு, யுனிவர்சிட்டி குடுத்த மெயில் வேண்டாம். போன மாத்தாத, மாத்தியே ஆகணும்னா பழசப் பத்திரமா வை. ஐசிசி விசாரணை கிரிமினல் கோர்ட் மாதிரி இல்ல, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கட்டாயம் கிடையாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பாப்பாங்க. சம்பவம் நடந்த அன்னைக்கு ராத்திரி ஃப்ரெண்டுகிட்ட அழுதுட்டு ஒரு வாய்ஸ் நோட் போட்டிருந்தேன்னா அதுவும் சாட்சிதான்.

லெட்டரோட கடைசியில நீ கண்டிப்பா கேக்க வேண்டியது இடைக்கால நிவாரணம். டிகிரி போயிடுமான்னு கேட்டியே, அதுக்கு பதில் இங்கதான் இருக்கு. விசாரணை முடியுற வரைக்கும் அவரு உன் வேலையவோ பரீட்சையவோ மதிப்பிடக் கூடாதுன்னு தடுக்கச் சொல்லி கமிட்டி பரிந்துரைக்கலாம், உன்னையோ அவரையோ வேற இடத்துக்கு மாத்தச் சொல்லலாம், உனக்கு மூணு மாசம் வரைக்கும் லீவு குடுக்கலாம். ஆனா இதெல்லாம் தானா நடக்காது, நீ எழுத்துல கேக்கணும். "டிசி மீட்டிங் இந்தத் தேதிக்குள்ள நடக்கணும், இவரு இல்லாம வேற ஒருத்தர தற்காலிக கைடா போடுங்க, ஃபெல்லோஷிப் பேப்பர்ல கையெழுத்து அவரு கைல இருக்கக் கூடாது"ன்னு புட்டு புட்டு வச்சு கேளு. கேக்காத பொண்ணுங்க விசாரணை நடக்கும்போதே அதே லேப்ல அதே ஆளுக்குக் கீழ வேலை செஞ்சத நான் பாத்திருக்கேன், அது ஒரு கொடுமை.

குடுக்கும்போது தலைவி கைல நேரா குடு, உன் காப்பில தேதியோட கையெழுத்தோ இன்வர்ட் சீலோ வாங்கு. "நீ வச்சிட்டுப் போம்மா, அப்புறம் போடுறோம்"னா சிரிச்சிட்டே வெளிய வந்து அதையே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு, ரசீதையும் டெலிவரி ஆன டிராக்கிங் பக்கத்தையும் பத்திரப்படுத்து, மெயில்லயும் ஒன்னு தட்டி விடு.

அதுக்கப்புறம் ஏழு நாள்ல புகார் காப்பி அவருக்குப் போகும், அவரு பத்து நாள்ல பதில் தரணும், விசாரணை தொண்ணூறு நாள்ல முடியணும், ரிப்போர்ட்ட பத்து நாள்ல நிர்வாகத்துக்கு அனுப்பணும், அதோட காப்பி உனக்கும் வரணும். நிர்வாகம் முப்பது நாள்ல நடவடிக்கை எடுக்கணும், ஒத்துக்கலன்னா நீ முப்பது நாள்ல அப்பீல் போகலாம். வக்கீல உள்ள விடமாட்டாங்க, ரெண்டு பக்கத்துக்கும்தான். மூணு ஹியரிங் காரணம் இல்லாம தொடர்ந்து போகலன்னா புகார மூடிடுற அதிகாரம் கமிட்டிக்கு உண்டு, அதனால காய்ச்சல்னா கூட மெயில் போட்டுட்டு லீவு கேளு. அவரோட நேருக்கு நேர் உக்கார முடியாதுன்னா அதையும் முன்னாடியே எழுதிக் குடு, கேள்விங்கள கமிட்டி வழியா கேக்கச் சொல்லலாம். ஒன்னு சொல்லணும், கமிட்டி அவருக்கும் முழுசா வாய்ப்பு குடுக்கும், சில நேரம் உனக்கு அவங்க அந்தாளு பக்கம் பேசுற மாதிரி இருக்கும். பொறுத்துக்கோ. கோவா பல்கலைக்கழகத்துல ஒரு துறைத்தலைவர் மேல வந்த புகார்ல கமிட்டி அவசர அவசரமா முடிச்சிடுச்சு, பல வருஷம் கழிச்சு 2023ல சுப்ரீம் கோர்ட் அந்த வேலைநீக்கத்தையே ரத்து பண்ணி, விட்ட இடத்துல இருந்து திரும்ப விசாரிக்கச் சொல்லிடுச்சு. அந்த மாணவிங்க நெலைமைய யோசிச்சுப் பாரு.

நடுவுல கண்டிப்பா ஒருத்தர் வருவாரு. பெரும்பாலும் நல்லா பேசுற ஒரு சீனியர் புரொபசர், சில சமயம் மேடமாவும் இருப்பாங்க. "அவருக்கும் பொண்ணு இருக்கு, ரிட்டயர்மென்ட் வேற வருது, ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கித் தரேன், உன் தீசிஸ நான் பாத்துக்கறேன்." சட்டத்துல சமரசம்னு ஒரு வழி இருக்கு, ஆனா அத கேக்குற உரிமை உனக்கு மட்டும்தான், பணம் வாங்கிட்டு முடிக்கிறது கூடாது, சமரசம் ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் விசாரணை கிடையாது. அவரு வாக்கு மீறினா மட்டும்தான் திரும்பத் தொறக்கலாம். எனக்கு இதுல பெருசா நம்பிக்கை இல்ல. உனக்கு வேணும்னா பண்ணு, ஆனா வராந்தாவுல நின்னு தலையாட்டாத, எழுத்துல கமிட்டி முன்னாடி நடக்கட்டும்.

இன்னொரு பயம் காட்டுவாங்க, "நிரூபிக்கலன்னா பொய் புகார்னு உன் மேலயே ஆக்‌ஷன்"னு. அப்படி இல்ல. நிரூபிக்க முடியாம போறது வேற, வேணும்னே பொய் சொல்றது வேறன்னு சட்டமே பிரிச்சு வச்சிருக்கு, கெட்ட எண்ணத்தோட புகார் குடுத்தேன்னு தனியா விசாரிச்சு நிரூபிச்சாதான் உன் மேல எதுவும் வரும்.

சரி, சீனியர் விஷயம். 2012ல யூஜிசி கொண்டு வந்த சமத்துவ விதியில ஒவ்வொரு நிறுவனத்துலயும் பாகுபாட்டு எதிர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர், பேராசிரியர் அந்தஸ்துல, இருக்கணும்னு இருக்கு. சமவாய்ப்பு மையமும் இருக்கணும். அந்த விதிய படிச்சா உனக்கு ஆச்சரியமா இருக்கும், கிளாஸ்ல ஜாதி பேரச் சொல்றது, ரிசர்வேஷன் ஆளுன்னு முத்திரை குத்துறது, லேப்ல வேலை குடுக்காம சும்மா உக்கார வைக்கிறது வரைக்கும் வரிசையா எழுதி வச்சிருக்காங்க. அதனால அந்த சீனியர் "கோட்டால வந்ததுக்கு எதுக்கு கருவி டைம்"னு சொன்னதும், புக்கிங் ரிஜிஸ்டர்ல உன் பேர அடிச்சதும் ரெண்டுமே இங்க புகார்தான். அந்த ரிஜிஸ்டர் பக்கத்த இன்னைக்கே போட்டோ எடுத்து வை, நாளைக்கு புது நோட்டு வந்துடும். இதுல இன்னொரு வழியும் இருக்கு. ஜாதிய வச்சு ஒரு மாணவர அவமானப்படுத்துறது, ஒதுக்குறது ராகிங்னே யூஜிசி ராகிங் விதியோட 2016 திருத்தத்துல சேத்துட்டாங்க, ராகிங்னா நிர்வாகம் மெத்தனமா இருக்க முடியாது. 1996ல மெடிக்கல் மாணவர் நாவரசு ராகிங்ல கொலையானதுக்கு அப்புறம் தமிழ்நாடு தனியா ராகிங் தடைச் சட்டம் போட்ட மாநிலம், ஞாபகம் இருக்கட்டும். ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522.

நீ எஸ்சி எஸ்டியா இருந்து, அவன் அதுல இல்லாதவனா இருந்து, ஜாதி பேரச் சொல்லி நாலு பேர் முன்னாடி திட்டியிருந்தா அது வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல குற்றம். "நாலு பேர் முன்னாடி"ங்கறதுதான் இதுல உயிர்நாடி. மூடின ரூம்ல நீயும் அவனும் மட்டும் இருந்தப்போ சொன்னா இந்தப் பிரிவு நிக்காதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால அன்னைக்கு லேப்ல யார் யார் இருந்தாங்கன்னு பேர் எழுதி வை. அவங்க சாட்சி சொல்ல வருவாங்களான்னு இப்பவே கேட்டு சங்கடப்படுத்தாத, இருந்தாங்கங்கறது மட்டும் பதிவாகட்டும்.

போலீஸ்ல குடுக்கலாமா? ஐசிசியும் போலீசும் ஒன்னுக்கொன்னு தடை இல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல போகலாம், "மொதல்ல உள்ள முடிச்சிட்டு வா"ன்னு யாரும் உன்ன திருப்பி அனுப்ப முடியாது. தொட்டது பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 75ல வரும், மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. ஆயிரம் விளக்குலதான் 1992ல மாநிலத்தோட மொத மகளிர் காவல் நிலையம் வந்துச்சு, இப்ப சென்னை முழுக்க இருக்கு, எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், "எங்க லிமிட் இல்ல"ன்னா ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பாக்காம எந்த ஸ்டேஷன்லயும் பதியுற எஃப்ஐஆர்) போடச் சொல்லு. நம்ம ஊர்ல கவனிக்க வேண்டியது சிஎஸ்ஆர், அதாவது புகார வாங்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்குற வெறும் ரசீது. ஒரு ரசீது குடுத்து அனுப்பிடுவாங்க, நீயும் கேஸ் போட்டுட்டாங்கன்னு நிம்மதியா தூங்குவ. சிஎஸ்ஆர் எஃப்ஐஆர் ஆகாது. வன்கொடுமை சட்டத்துல எஃப்ஐஆர் போட முன்விசாரணையே தேவையில்லன்னு 2018 திருத்தத்துல தெளிவா இருக்கு, அத கேளு. கூட ஒருத்தர கூட்டிட்டுப் போ. பெண்களுக்கும், எஸ்சி எஸ்டிக்கும் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு கூப்பிடு.

பேரு வெளிய போயிடுமோன்னு பயப்படுறது நியாயம்தான். 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை கேஸ்ல எஃப்ஐஆரே நெட்ல லீக் ஆச்சு, ஐகோர்ட் அதுக்காக 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொல்லி, மூணு பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவ விசாரிக்கப் போட்டுச்சு. அஞ்சு மாசத்துல குற்றவாளிக்கு தண்டனையும் வந்துச்சு, 30 வருஷம் குறையாத ஆயுள். ஐசிசி பக்கம் ரகசியத்த மீறினா அபராதம் வெறும் அஞ்சாயிரம் ரூபா, சிரிப்புதான் வருது. அதனால நீயா பாதுகாத்துக்கோ, லெட்டர் காப்பிய யாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பாத. சோஷியல் மீடியாவுல பேர் போட்டு எழுதுறதப் பத்தி என் கருத்து, புகார் பதிவாகுறதுக்கு முன்னாடி வேண்டாம், அவரு கைல மானநஷ்ட கேஸ் குடுக்குற மாதிரி ஆயிடும். போராட்டம் தப்புன்னு சொல்ல வரல. 2023ல சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரில பாலியல் தொல்லைக்கு எதிரா பசங்க உக்காந்து போராடலன்னா யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா அங்கயும் போலீஸ் வழக்கு பதிஞ்சது ஒரு முன்னாள் மாணவி எழுதிக் குடுத்த புகார் மேலதான்.

ஐசிசியே இல்ல, இல்ல புகாரே துணைவேந்தர் மேலன்னா கலெக்டருக்குக் கீழ மாவட்ட அளவுல உள்ளூர் புகார் கமிட்டி இருக்கு, ராஜாஜி சாலையில கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்வாங்க. ஷி-பாக்ஸ்ங்கற, பாலியல் தொல்லைப் புகாருக்கான மத்திய அரசு போர்ட்டல்லயும் போடலாம். ஐசிசி அமைக்கலன்னா நிறுவனத்துக்கு அம்பதாயிரம் அபராதம்னு சட்டம் சொல்லுது, அத ஒரு வரி ரிஜிஸ்ட்ராருக்கு எழுதிப் பாரு, சில இடத்துல அடுத்த வாரமே கமிட்டி முளைச்சிடும். இத ஆம்பளைப் பசங்களோ திருநங்கை, திருநம்பி மாணவர்களோ படிச்சா, 2013 சட்டம் பெண்களுக்குன்னாலும் யூஜிசி விதி உங்களையும் கணக்குல எடுத்துக்குது, தயங்காம ஐசிசில குடுங்க. பதினெட்டு முடியாத ஃபர்ஸ்ட் இயர் பசங்கன்னா அது நேரா போக்சோ, தெரிஞ்ச யாரும் போலீஸ்ல சொல்லியே ஆகணும்.

வீட்டுக்குத் தெரியாதுன்னு சொன்ன. எல்லாருக்கும் சொல்ல வேண்டாம், ஒருத்தர் போதும், அக்காவோ அத்தையோ, ஹியரிங் அன்னைக்கு வெளிய பெஞ்சுல உக்கார ஆள் வேணும். ராத்திரி தூக்கம் வராம மனசு எங்கெங்கயோ போச்சுன்னா 14416ங்கற அரசு மனநல ஹெல்ப்லைனுக்கு எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. சென்னையில ஸ்நேகாங்கற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கு, 044-24640050. கேம்பஸ் கவுன்சிலர்கிட்டயும் போலாம், ஆனா நீ பேசுறது யாருக்குப் போகும்னு மொத நாளே கேட்டுக்கோ, சில இடத்துல அவங்க ரிப்போர்ட் டீனுக்குப் போகுது.

இன்னைக்கு ராத்திரி தேதிங்கள மட்டும் ஒரு பேப்பர்ல எழுது, வாக்கியம் அமைக்காத, தேதி, இடம், யார் இருந்தா, அவ்ளோதான். லெட்டர் நாளைக்கு எழுதிக்கலாம்.